வடக்கு கேலரிக்குள் ஒருவர்

நான் அந்த உள்ளரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். வடக்கு கேலரி மூட மாட்டேன் என்கிறது, மோட்டாரைப் பார்த்துக் கொடுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். வெளியே கண் கூசியது. கதவைத் தாண்டியதும் இருட்டு. ஜன்னலே இல்லாத கட்டடம் அது. பழைய சோளப்பொரி, வியர்வை, கிரீஸ் எல்லாம் கலந்து ஒரு வாடை.

"வாங்க தம்பி. நோயாளி அங்க வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறா. நாடி பிடிச்சுப் பாருங்க" என்றார் மேஸ்திரி. சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

முதலில் அந்த கேலரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரங்கத்தைக் கூடைப்பந்துக்காக மட்டும்தான் கட்டினார்கள். நாலு பக்கமும் சிமென்ட் படிகள். ஆட்டம் இல்லாத நாட்களில் கட்டடம் சும்மா கிடந்ததால் குத்துச்சண்டை வந்தது, கண்காட்சி வந்தது. ஒரு வெள்ளத்தின்போது ஊரில் பாதிப் பேர் இங்கேதான் பாய் விரித்துப் படுத்தார்கள். பிறகு பாட்டுக் கச்சேரிகள் வந்தன. கச்சேரிக்கு மேடை வேண்டும், மேடைக்கு இடம் வேண்டும். வடக்குப் பக்கப் படிகளை உடைத்துவிட்டு, மேசை இழுப்பறை மாதிரி உள்ளே போய் வெளியே வரும் இரும்பு கேலரியை வைத்தார்கள். ஒவ்வொரு வரிசையும் தனக்கு மேலே உள்ள வரிசையின் அடியில் சறுக்கிக்கொண்டு போகும். முழுதாக மூடினால் சுவரை ஒட்டிய அலமாரி போல நிற்கும். விரித்தால் அடியில் ஒரு பெரிய வெற்றிடம். கூட்டம் தவறவிடும் சாவி, கண்ணாடி, செருப்பு எல்லாம் இடுக்கு வழியாக அங்கேதான் விழும்.

அதனால் மூடுவதற்கு முன் ஓர் ஆள் உள்ளே போய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டு வெளியே வந்து நின்று, "யாருமில்ல!" என்று குரல் கொடுப்பார். அப்புறம்தான் பட்டனை அழுத்த வேண்டும். விதி அப்படி. ஆனால் எப்போதும் அவசரம். வெளியே வரும் வழியிலேயே, இருட்டில் நடந்தபடி, எல்லாரும் கத்திவிடுவார்கள்.

"ஒட்டகமும் அப்படித்தான் கத்தினான்" என்றார் மேஸ்திரி. "ரொம்ப உசரம். அதான் அந்தப் பேரு. கத்திட்டு வந்துக்கிட்டே இருந்தவன் கண்ணுல ஒரு குழந்தை ஷூ பட்டிருக்கு. மறுபடி உள்ள போயிட்டான். எனக்கு எப்படித் தெரியும்? குரல் கேட்டுச்சு. அமுக்கிட்டேன்."

அதற்குப் பிறகு அந்த கேலரியை யாரும் தொடவில்லை. ஆட்டங்களாகவே நடந்ததால் விரித்தபடியே விட்டிருந்தார்கள். இப்போதுதான் மறுபடி ஒரு கச்சேரி. பட்டனை அழுத்தினால், கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது.

சற்றுத் தள்ளி, கையில் டார்ச்சுடன் ஒரு பெண் நின்றிருந்தாள். ஒட்டகத்தின் மனைவி. அவர் பார்த்த வேலையையே இப்போது பார்க்கிறாள். அங்கே எல்லாருக்கும் அவள் அண்ணி.

மோட்டாரைத் திறந்து பார்த்தேன். பழுதில்லை. தண்டவாளம் வளையவில்லை, சக்கரம் தேயவில்லை. இந்த மோட்டாரில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. வழியில் ஏதாவது தடுத்தால் மோட்டார் திணறும், கூடுதலாக மின்சாரம் இழுக்கும், உடனே ஒரு சின்ன ரிலே இணைப்பைத் துண்டித்துவிடும். மீட்டரை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். முள் மெதுவாக ஏறியது. எதையோ மெத்தென்று தொட்டுவிட்டு, தள்ள மனமில்லாதது போல கேலரி நின்றது.

டார்ச்சை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

குனிந்துதான் நடக்க முடியும். தலைக்கு மேல் இரும்புச் சட்டங்கள். ஒவ்வொரு மூலையாக வெளிச்சத்தைக் காட்டினேன். தூசி. ஒரு காய்ந்த மாலை. வேறு எதுவும் இல்லை.

நான் நின்றேன். காலடி ஓசை நிற்கவில்லை.

சட்டங்களுக்கு அந்தப் பக்கம் யாரோ குனிந்து நடந்தார்கள். துணி இரும்பில் உரசியது. தரையைக் கை தடவியது. தேடுகிற கை.

வாய் தானாகத் திறந்து, பழக்கமில்லாத எனக்கே அந்தச் சொல் வந்துவிட்டது.

"யாருமில்ல."

"யாருமில்ல" என்றது இன்னொரு குரல். என் காதோரத்தில்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. முழங்காலில் ரத்தம். அதற்குள் மேனேஜர் வந்திருந்தார்.

"மோட்டார் நல்லாருக்குல்ல? அப்போ அந்த ரிலேவைக் கழட்டிட்டு ஓட்டுங்க. மேடை லாரி வாசல்ல நிக்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முன்னால் வந்தாள்.

"சார், உள்ள அவர் இருக்காரு."

"அம்மா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா..."

"இன்னொரு தடவை நசுக்காதீங்க சார். ஒரு தடவை பார்த்தாச்சு. போதும்."

மேனேஜர் தரையைப் பார்த்தார். "பத்து நிமிஷம்" என்று மட்டும் சொன்னார்.

அவள் டார்ச்சை என்னிடமே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள். இருட்டில் அவள் பேச்சு கேட்டது. குரலைத் தாழ்த்தி, வீட்டில் பேசுவது போலவே.

"ஏங்க, ஷூ கிடைச்சிருச்சுங்க. அன்னைக்கே கிடைச்சிருச்சு. உங்க கையிலதான் இருந்துச்சு... ஆமா, அந்தப் பாப்பாகிட்ட குடுத்தாச்சு. இன்னும் எதைத் தேடுறீங்க? மேஸ்திரி மேல கோவமா? அவர் தூங்கியே எவ்ளோ நாளாச்சு தெரியுமா? வாங்க. வீட்ல நான் மட்டும் எவ்ளோ நாள்தான் இருக்கிறது?"

உள்ளே துணி உரசியது.

அவள் திரும்பி வந்தாள். வலது கை பின்னால் நீண்டிருந்தது, கூட்டத்தில் ஒருவரை அழைத்து வருவது போல. விரல்கள் எதையோ இறுகப் பிடித்திருந்தன. கடைசிச் சட்டத்தைத் தாண்டியதும் மேலே பார்த்துச் சொன்னாள்:

"இனிமே குனிய வேணாம். நிமிருங்க."

மேஸ்திரி விசும்பிக்கொண்டே பட்டனை அழுத்தினார். வரிசை வரிசையாக, ஒரு முனகல்கூட இல்லாமல், கேலரி உள்ளே போனது. மீட்டர் முள் இந்தத் தடவை எகிறவில்லை. அண்ணி யாரிடமும் எதுவும் சொல்லாமல், பின்னால் நீட்டிய கையை மடக்காமலே, வாசல் வெயிலில் இறங்கி நடந்தாள்.

மனசு கேட்கவில்லை. மாலையில் மேஸ்திரியிடம் அண்ணியின் போன் நம்பரை வாங்கிப் பேசினேன்.

"அண்ணி, வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"வாசப்படியில உக்காந்திருக்கேன் தம்பி." குரல் மிகவும் மெதுவாக இருந்தது, பக்கத்தில் யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போல. "பூட்டைத் திறந்தேன். பால் வாங்கிட்டு வர்றதுக்குள்ள கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கு."

"உள்ளே யாரு அண்ணி?"

பால் பாத்திரத்தை மெல்லப் படியில் வைக்கும் சத்தம் கேட்டது.

"பாவம், எவ்ளோ நாள் அலுப்போ. தட்டி எழுப்ப மனசு வரல."