ஏழாம் தட்டு

காலையில் அம்மா அரை மணி நேரம் பேசினாள். பேச்சிக்கு அது இரண்டு நொடியில் முடிந்துவிட்டது. மீதி நேரமெல்லாம் பாசிப் புட்டைத் தின்றுகொண்டு, கரண்டியால் மேசையில் ஏழு ஏழாகத் தட்டிக்கொண்டிருந்தாள். எதிரே அம்மாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. புட்டு தீர்ந்த நேரத்தில், எல்லாவற்றையும் கேட்டுவிட்ட திருப்தியோடு சாரம் மட்டும் மனதில் வந்து விழுந்தது: முழங்கால் வலி, தண்ணீர்ப் பங்கு, உனக்குக் கல்யாணம்.

"சரிம்மா, பாக்கலாம்" என்று எழுந்தாள்.

அம்மா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் காதுக்குப் பின்னாலும் அதே சுருக்கிதான் இருந்தது.

செவ்வாயின் ஆறாம் கூடத்தில் சுருக்கி இல்லாத காது கிடையாது. ஒரே கூரையின் கீழ் அடைபட்டுக் கிடக்கும் ஜனங்கள் ஒருவர் பேச்சை ஒருவர் முழுதாகக் கேட்டால் கொலை விழும் என்று நிர்வாகம் கண்டுபிடித்து, அரிசி மணி அளவில் ஒரு கருவியைப் பொருத்திவிட்டது. ஒன்றரை நிமிடத்தைத் தாண்டுகிற எதையும் அது வழிமறிக்கும். சாற்றைப் பிழிந்து நினைவில் சேர்த்துவிட்டு, 'கேட்டாயிற்று' என்ற நிறைவையும் கூடவே தடவிவிடும். பழகிய குரலாக இருந்தால், தெரிந்த சங்கதியாக இருந்தால், அந்த ஒன்றரை நிமிடத்தையும் கொடுக்காது. முதல் வாக்கியத்திலேயே பிழிந்துவிடும். தெரிந்ததைத் திரும்பக் கேட்பானேன் என்பது அதைச் செய்தவர்களின் தத்துவம்.

இந்த ஊரில்தான் பேச்சி முக்கால் மணி நேரத்துக்கு ஒரே பாட்டாக ஓர் இசைத்தொகுப்பு செய்துகொண்டிருந்தாள்.

தொகுப்பின் பெயர் 'ஏழாம் தட்டு'. கூடத்தைக் கட்ட ஆள் ஏற்றி வந்த முதல் கப்பலில் கூலிகளை அடைத்தது ஏழாம் தட்டில். பொறியாளர்களுக்கு மேல் தட்டுகளில் ஜன்னல் இருந்தது, இவர்களுக்கு விளக்குகூட முறை வைத்துத்தான். அப்படி வந்தவர்களின் பேத்தி அவள். அந்த வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆளும் அவள்தான். ஒலிப் பொறியியல் படித்தாள். படிப்பு முடிந்ததும் நிர்வாகம் அவளுக்குக் கொடுத்த வேலை, காற்றுக் குழாய்களின் இரைச்சலைக் குறைப்பது. அந்த ஆத்திரத்தில் பிறந்தது பாட்டு. ஏறுதல், இருட்டு, தண்ணீர்ச் சண்டை, காத்திருப்பு, இறங்குதல் என்று ஐந்து பகுதிகள். தாளம் முழுக்க ஏழு. நடுநடுவே ஐந்து குறுக்கே பாயும். உட்கார்ந்து கேட்கிறவன் உட்கார முடியாமல் தவிக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

டிரம்ஸ் அவள். கிடாரும் குரலும் இன்னாசி. பள்ளிக்கூடத்திலிருந்து அவளோடு ஒட்டிக்கொண்டிருப்பவன். மற்ற வாத்தியங்களுக்குத் 'துணைவன்' என்ற இயந்திரம்.

"ஒரு தட்டு குறைகிறது. சேர்த்து எட்டாக்கிவிடட்டுமா?" என்று அது ஒவ்வொரு சுற்றிலும் பணிவாகக் கேட்கும்.

"குறையல. ஏழுதான். வாய மூடிட்டு வாசி."

"அதுக்கு வாய் இல்ல பேச்சி" என்பான் இன்னாசி.

"உனக்கு இருக்குல்ல, நீ மூடு."

ஒலிப்பதிவு அறை ஓர் ஆள் நிற்கும் அளவுதான். அதனால் அவள் தன் பங்கைத் தனியாக வாசித்தாள், அவன் தன் பங்கைத் தனியாக. நான்காம் பகுதியில் டிரம்ஸ் கிடையாது. "காத்திருப்பு உன்னோடது. என்ன வேணா பண்ணிக்கோ" என்று அதை அவனிடம் விட்டுவிட்டாள்.

அந்த நாட்களில் ஒரு தடவை, அவள் டிரம்ஸின் தோலை இறுக்கிக்கொண்டிருக்கும்போது, இன்னாசி எதிரே வந்து நின்று வெகுநேரம் பேசினான். கையை ஆட்டினான். ஒரு கட்டத்தில் மேல்கூரையைக் காட்டினான். பேச்சிக்கு வந்த சாரம்: இன்னாசி வழக்கம்போல் புலம்புகிறான்.

"எல்லாம் சரியாப் போவும்லே" என்றாள்.

 அவன் ஒலிப்பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான்காம் பகுதியை வாசிக்க ஆரம்பித்தான்.

தொகுப்பு வெளிவந்த வாரம் பூமிக்குக் கப்பல் கிளம்பியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் கப்பல். அதில் இன்னாசியும் போய்விட்டான் என்று அவளுக்குத் துணைவன்தான் சொன்னது. "கிடார் இருக்கை காலி. நிரப்பட்டுமா?"

பேச்சி குச்சிகளைச் சுவரில் எறிந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான், துரோகி. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டதில் அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. கூடமெங்கும் நடந்தாள். போகிற இடமெல்லாம் பாராட்டு.

"பாட்டுக் கேட்டேன்டி, சூப்பர்" என்றாள் தண்ணீர் வரிசையில் ஒருத்தி.

"எந்தப் பகுதி பிடிச்சுது?"

"பகுதியா? அது பகுதியா வேற இருக்கா?"

பண்பாட்டு அலுவலர் கமலநாதன் எழுந்து நின்று கை கொடுத்தார். "முழுசாக் கேட்டேம்மா. துணிச்சலான படைப்பு. பயணம், கோபம், நம்பிக்கை, மூணும் அற்புதமா வந்திருக்கு."

"நம்பிக்கைன்னு ஒண்ணு அதுல இல்லவே இல்ல சார்."

"சாரத்துல இருக்கேம்மா."

"நீங்க எவ்வளவு நேரம் கேட்டீங்க?"

"நான் கொஞ்சம் ரசிகன்" என்று அவர் கூச்சத்தோடு சொன்னார். "ஒன்றரை நிமிஷமும் கேட்டேன்."

ஓர் ஆள். ஒரே ஒரு மனித ஆள் அதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டால் போதும் என்று அவளுக்கு ஆகிவிட்டது. அப்போதுதான் மூச்சு அறை நினைவுக்கு வந்தது.

கூடத்துக்கு வெளியே சுரங்கத்துக்குப் போகிறவர்கள், அங்கியை மாட்டுவதற்கு முன் முக்கால் மணி நேரம் தூய ஆக்சிஜனை மூச்சிழுக்க வேண்டும். இல்லாவிட்டால் குறைந்த அழுத்தத்தில் இரத்தம் நுரைத்துவிடும். தூய ஆக்சிஜனில் ஒரு பொறி போதும், அறையே எரிந்துபோகும். அதனால் உள்ளே நுழைகிறவர்களின் உடம்பில் இருக்கும் எல்லாக் கருவியையும் அணைத்துவிடுவார்கள். சுருக்கியையும். ஆறாம் கூடத்தில் மனிதக் காது சும்மா திறந்து கிடக்கிற ஒரே இடம் அது.

கமலநாதன் அவள் விண்ணப்பத்தின் சாரத்தைக் கேட்டுவிட்டு உடனே அனுமதித்தார். மூச்சு அறைச் சுவருக்கு மறுபுறம் ஒலிபெருக்கிகளைப் பதித்து, முறைக்கு முறை 'ஏழாம் தட்டை' ஓடவிட்டார்கள். சில வாரம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் பொறுக்க முடியாமல் ஒரு நாள் அவளே உள்ளே போய் உட்கார்ந்தாள்.

சுருக்கி அணைந்ததும் முதலில் பயமாகத்தான் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் மூச்சுவிடுவது, எச்சில் விழுங்குவது, பெஞ்சு கிரீச்சிடுவது எல்லாம் வந்து அறைந்தன. பிறகு டிரம்ஸ் ஆரம்பித்தது. தன் கையை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அதற்கு மேல் இன்னாசியின் கிடார் ஏறிய விதம் புதிதாக இருந்தது. ஒலிப்பதிவு முடிந்ததும் தான் கேட்டது இதைத்தானா என்று ஒரு சந்தேகம் எட்டிப்பார்த்தது. அதைத் துரத்திவிட்டாள். தானே செய்த பாட்டு தனக்குத் தெரியாதா?

பக்கத்திலிருந்த பருமனான பெண் அவள் முழங்காலைத் தட்டினாள். சுரங்கக் குழுவின் தலைவி தங்கபுஷ்பம்.

"ஏ பிள்ள, இதப் போட்டது நீதான? பேச்சி?"

"ஆமாக்கா. பாட்டு முழுசாக் கேக்கீங்களா?"

"வேற வழி? காத மூட விட மாட்டானுவல்லா. உண்மையச் சொல்லணும்னா முக்காவாசி டொம்மு டொம்முன்னு தலைவலி. தாளம் ஒரு வழிக்கு வர மாட்டேங்கு."

"வரக் கூடாதுக்கா. அதான் விஷயம்."

"என்னமோ. ஆனா அந்த நாலாவது இருக்கு பாரு" என்று தங்கபுஷ்பம் நெஞ்சில் கை வைத்தாள். "அது வந்தா ஒரு பய மூச்சு விட மாட்டான்."

பேச்சி பெஞ்சில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். கடைசியில் கேட்டுவிட்டார்கள்.

தண்ணீர்ச் சண்டை முடிந்து டிரம்ஸ் நின்றது. எதிர் பெஞ்சில் கடலை கொறிப்பதுபோல் ஊர்க்கதை கொறித்துக்கொண்டிருந்த வேலாண்டி, "ஏய், வருது வருது" என்றான். அறை அடங்கியது. கிடார் தனியாக, தயங்கித் தயங்கி நடந்தது. அதன் நடுவில் இன்னாசி பாடாமல் பேசினான்.

"பேச்சி. நேர்ல சொன்னா உன் சுருக்கி முழுங்கிடுது. பாட்டயாவது முழுசாக் கேப்பேன்னு இதுல சொல்லுதேன். அண்ணன் பூமிக்குக் கூப்பிடுதான். கப்பல்ல இடமும் போட்டுட்டான். எனக்குப் போகப் புடிக்கல. இருன்னு ஒரு வார்த்தை சொல்லு. இருந்துக்கிடுதேன்."

கிடார் மறுபடி நடந்தது. அறையிலிருந்த எல்லாக் கண்களும் அவள்மேல் திரும்பின.

"தெனமும் இதக் கேட்டுட்டு மண்டையப் போட்டு ஒடைக்கோம்" என்றாள் தங்கபுஷ்பம். "நீ என்னட்டி பதில் சொன்ன?"

 ஒலிப்பதிவு முடிந்த நாள் பேச்சிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இறுதிப் பிரதியை முடுக்கிய அடுத்த நொடியே 'கேட்டாயிற்று' என்ற திருப்தி வந்து நிறைந்தது. அவளே கட்டிய பாட்டு. சுருக்கி அதில் எதைப் புதிது என்று விட்டுவைத்திருக்கும்? எதிரே இன்னாசி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கேட்டியான்னான்" என்றாள்.

"நீ?"

"கேட்டேன்னேன்."

"செரி, அப்புறம்?"

"நல்லா இருக்கு, அனுப்பிடலாம்னு சொன்னேன்."

 வேலாண்டி தொடையில் தட்டினான். "நான் சொல்லல? இவதான் போகச் சொல்லியிருப்பான்னு அன்னைக்கே சொன்னேன்."

"நான் பாட்டச் சொன்னேன்" என்றாள் பேச்சி. "பாட்ட அனுப்பிடலாம்னு சொன்னேன்."

"அது அவனுக்கு எப்படிட்டி தெரியும்?" என்றாள் தங்கபுஷ்பம், மெதுவாக.

அவ்வளவுதான், அறை இரண்டாகப் பிரிந்தது. கப்பலுக்குச் செய்தி அனுப்பு என்றார்கள் சிலர். அனுப்பினால் அவன் சுருக்கி அதைப் பிழிந்து 'பேச்சி வழக்கம்போல் திட்டுகிறாள்' என்று கொடுக்கும் என்றார்கள் மற்றவர்கள். சின்னதாகச் சொல்லு, ஒரே வார்த்தையாகச் சொல்லு, போன பிறகு இருன்னா எங்க இருக்கிறது, கப்பலிலா என்று ஆளாளுக்குக் குரலை உயர்த்தினார்கள். பேச்சி எழுந்து அந்தக் குறுகிய அறையில் இப்படியும் அப்படியும் நடந்து, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுவருக்கு அப்பால் ஐந்தாம் பகுதி தொடங்கியிருந்தது. இரண்டு வருடம் தூங்காமல் அவள் கட்டியது அதைத்தான். ஏழும் ஐந்தும் தனித்தனியே ஓடி, ஒன்றையொன்று துரத்தி, கடைசியில் ஒரே தட்டில் வந்து விழும் இடம். அது வந்து விழுந்தது. அறையில் ஒருவரும் கேட்கவில்லை. பேச்சியும்தான்.