மழைக்கு ஒதுங்கும் கோயில்

"அடேயப்பா... என்ன கண்ணு! ஆனா கோபத்தைப் பாரு, அது கண்ணைவிடப் பெரிசா இருக்கு..."

எள் விழ இடமில்லாத பஸ்ஸில் இந்தத் தமிழ் பூங்கோதையின் காதில் தெளிவாக விழுந்தது. சொன்னவன் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தான். கையில் காகிதம் சுருட்டி வைக்கும் நீளக் குழாய். சரோஜினி நகரில் ஏறியதிலிருந்து அந்தக் குழாய் மூன்று முறை அவள் தோளில் இடித்துவிட்டது. மூன்றாவது இடிக்கு அவள் இந்தியில் வெளுத்து வாங்கினாள். அவனும் "ஸாரி ஜி... அச்சா ஜி..." என்று வழிந்துவிட்டு, தனக்குத்தானே முணுமுணுத்ததுதான் மேலே சொன்னது.

தில்லிக்குப் புதிதாக வரும் தமிழர்களுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு... சுற்றியிருக்கும் யாருக்கும் தமிழ் தெரியாது என்று!

பூங்கோதை மெல்லத் திரும்பினாள். வெளியே ஆடி மழை கொட்டியது. நனைந்த முன்முடி நெற்றியில் ஒட்டியிருக்க, அந்தப் பெரிய கண்கள் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தன.

"கண்ணு, கோபம் ரெண்டையும் அளந்தாச்சா? இல்ல, ஸ்கேல் வேணுமா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயையோ... நீங்க தமிழா?"

"ஏன், தில்லியில தமில் பேசினா போலீஸ் புடிக்குமா? பொறந்ததிலிருந்தே எனக்குத் தமில் தெரியும்!"

அத்தோடு அவன் வாயை மூடியிருக்கலாம். விதி விடுமா? களுக்கென்று சிரித்துவிட்டான். "தமில் தெரியும், சரி... தமிழ் தெரியுமாங்க?"

பூங்கோதையின் முகம் சுண்டிப் போயிற்று. சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பிறந்து, இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அவள். தமிழ் எழுதப் படிக்க வராது. அந்த 'ழ' மட்டும் என்ன செய்தாலும் நாக்கில் ஏறாது. திருச்சியில் கல்யாணம் என்று போனால் போதும், அத்தை பிள்ளைகள் அவளை நடுவில் நிறுத்தி வைத்து 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் புண்ணில்தான் இவன் விரலை வைத்துவிட்டான். 'இனி இவனிடம் ஒரு வார்த்தை தமிழ் பேசினால் நான் பூங்கோதை இல்லை' என்று அங்கேயே சபதம் செய்துகொண்டாள்.

லோதி ரோட்டில் இறங்கினாள். அவனும் இறங்கினான். இடது பக்கம் திரும்பினாள்... அவனும். மாடிப்படி ஏறினாள்... அவனும்!

"க்யா ஹை? பீச்சே பீச்சே கியோன் ஆ ரஹே ஹோ?" என்று சீறினாள்.

"சத்தியமா உங்க பின்னாடி வரலைங்க! ராமமூர்த்தி சார் ஆபீஸ்ல இன்னிக்கு வேலைக்குச் சேர்றேன். ஓவியன்... ஜோதிலிங்கம்."

பூங்கோதைக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கட்டடக் கலைஞர் ராமமூர்த்தியின் அந்த ஆபீஸில்தான் அவளும் வேலை பார்த்தாள். வரைபடங்களைக் கண்ணாடித்தாளில் மை போட்டுப் பிரதி எடுக்கும் வேலை. அவள் மேஜைக்கு எதிரே காலியாக இருந்தது ஒரே ஒரு மேஜை.

ராமமூர்த்தி ஜோதிலிங்கத்தை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். ராஜலக்ஷ்மி என்றொரு அம்மாள், மத்திய சர்க்காரில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஓர் அறக்கட்டளைக்குத் தலைவி. அவர்களுக்கு ஒரு கோயில் வேண்டுமாம். ஆனால் சிலை கூடாது. கோபுரம் கூடாது. உண்டியல் கூடவே கூடாது. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து அவரவர் சாமியைக் கும்பிட வேண்டும். அப்படியொரு கட்டடம் இந்த ஊரில் யாரும் பார்த்தது கிடையாது.

"கம்பி, சிமெண்ட் கணக்கெல்லாம் அப்புறம் நான் பார்த்துக்கறேன். முதல்ல பார்த்தவுடனே மனசு துள்ளற மாதிரி ஒரு படம் வேணும். பத்து நாள் டைம். படம் தேறினா உமக்கு வேலை நிரந்தரம். தேறலைன்னா ஜி.டி. எக்ஸ்பிரஸ்ஸைப் பிடிச்சு மெட்ராஸுக்குப் போயிடலாம்."

ஜோதிலிங்கத்தின் கண்கள் பளபளத்தன. கலைக் கல்லூரி முடித்து இரண்டு வருஷம் சினிமா பேனரில் கதாநாயகர்களுக்கு மீசை வரைந்தவன். இல்லாத ஒன்றை முதன்முதலாக வரையச் சொல்கிறார்கள்! இந்த வாய்ப்புக்காகத்தான் அவன் ரயில் ஏறி வந்திருந்தான்.

மூன்று நாள் அவன் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தான். பூங்கோதை அசையவில்லை. பென்சில் வேண்டுமா என்றாலும் சரமாரியாக இந்தியில்தான் கேட்பாள். அவன் எல்லாவற்றுக்கும் "அச்சா" என்பான். ஒருமுறை "உங்கள் தலையில் மை கொட்டட்டுமா?" என்று இந்தியில் கேட்டாள். அதற்கும் "அச்சா ஜி!" என்றான். ஆபீஸே சிரித்தது. நான்காம் நாளிலிருந்து பயந்துபோய் மன்னிப்புக் கேட்பதையே நிறுத்திவிட்டான். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை! இந்தப் பெண்களை என்ன செய்வது?

அன்றுதான் ராஜலக்ஷ்மி அம்மாளின் போன் வந்தது. ராமமூர்த்தி வெளியே போயிருந்தார்.

"அந்த ஆர்ட்டிஸ்ட் பிள்ளைகிட்ட சொல்லிடும்மா. உள்ளே போனா மழை மாதிரி இருக்கணும். மழை வந்தா பஸ் ஸ்டாப்புல எல்லாரும் ஒதுங்கிக்கறோமோல்லியோ... அப்போ நீ யாரு, நான் யாருன்னு ஒருத்தரும் கேக்கறதில்லையே. கோயில்னா அப்படின்னா இருக்கணும்!"

பூங்கோதைக்கு உடம்பு சிலிர்த்தது. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. எழுந்தவள் சட்டென்று நின்றாள். இதைச் சொல்ல வேண்டுமானால் தமிழில் பேச வேண்டும். அதிலும் அந்தப் பாழாய்ப்போன எழுத்து வரும் வார்த்தை! மறுபடி சிரிப்பான்...

ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதினாள். 'உள்ளே போனா இப்படி இருக்கணும், மேடம் சொன்னாங்க' என்று எழுதி, நடுவே அந்த வார்த்தையை நாக்கு சொன்னபடியே போட்டாள். எம், ஏ, எல், ஏ, ஐ. பஸ் ஸ்டாப் விஷயம் நீளமாக இருந்தது. அவன் அடுத்த முறை மன்னிப்புக் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

பக்கத்து மேஜை பஞ்சாபிக்காரர் சீட்டை எட்டிப் பார்த்து, "மலாய்? கோயிலா, பால்கோவாக் கடையா?" என்று இந்தியில் கேட்டார். அவர் மொழியில் மலாய் என்றால் பாலாடை.

ஜோதிலிங்கம் வாங்கிப் படித்தான். "மலாய் இல்லைங்க... மலை! ஆஹா!" என்று துள்ளிக் குதித்தான்.

பூங்கோதை திருப்தியாகத் தலையாட்டினாள். அவள் காதுக்கு மலையும் மழையும் ஒன்றுதான்!

அன்றிலிருந்து அவனைப் பிடிக்க முடியவில்லை. பலகை மேல் பழைய போர்வையைப் போட்டு மூடி மூடி வரைந்தான். வரைந்து முடிக்காமல் யாருக்கும் காட்ட மாட்டானாம். மூக்கில் நீலம், காதில் வெள்ளை. சாப்பாட்டு நேரம் போவதுகூடத் தெரியாது. ஒருநாள் பொறுக்க முடியாமல் பூங்கோதை தன் டிபன் டப்பாவை அவன் மேஜையில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் வந்து உட்கார்ந்தாள். மாலையில் டப்பா கழுவித் திரும்பி வந்தது. உள்ளே ஒரு காகிதம். அதில் இரண்டு பெரிய கண்கள். கீழே மன்னிப்புக் கேட்டு, தப்பும் தவறுமான இந்தி எழுத்தில் 'மாஃப் கரோ'. அந்த எழுத்தைப் பார்த்து அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் அந்தக் காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். 'நாளைக்குப் பேசிடணும்' என்று நினைத்தாள். நாளைக்கு என்று நாலு நாள் போயிற்று. வீம்பு என்றால் சும்மாவா?

பத்தாம் நாள் ராஜலக்ஷ்மி அம்மாள் வந்தார். ஜோதிலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு போர்வையை உருவினான்.

வெள்ளை வெளேரென்று ஒரு மலை! படிப்படியாக உயர்ந்து, உச்சியில் வெயில் பட்டு, அடியில் குளிர்ந்த குகை... ஆபீஸே வாயைப் பிளந்தது.

ராஜலக்ஷ்மி அம்மாள் வெகுநேரம் பார்த்தார். "பிரமாதமா இருக்குப்பா. ஆனா... நான் மலை கேக்கலையே. மழைன்னா கேட்டேன்?"

பூங்கோதைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அம்மாளின் வாயில் இரண்டு வார்த்தையும் அடுத்தடுத்து வந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

"யார்ய்யா உமக்கு மலைன்னு சொன்னது?" என்று ராமமூர்த்தி இரைந்தார்.

ஜோதிலிங்கத்தின் கை சட்டைப் பையிலிருந்த சீட்டைத் தொட்டது. அவன் பார்வை ஒரே ஒரு விநாடி பூங்கோதையிடம் வந்தது. "யாரும் சொல்லலை சார். நானா தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றான்.

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு எங்க கமிட்டி கூடறது" என்று சொல்லிவிட்டு அம்மாள் கிளம்பிப் போனார். ராமமூர்த்தி வேறு ஓவியருக்குப் போன் செய்யப் போனார். ஜோதிலிங்கம் தூரிகைகளைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

பூங்கோதை ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு ராமமூர்த்தியின் அறைக்குள் நேராக நுழைந்தாள். கதவு திறந்தே கிடந்தது. எல்லாருக்கும் கேட்கட்டும்!

"சார்... தப்பு என்னுது. எனக்கு அந்த எலுத்து வராது. நான்தான் மலைன்னு எலுதிக் குடுத்தேன். தப்பு என்னுதுன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லலை. சனிக்கிலமை வரைக்கும் அவருக்கு டைம் குடுங்க சார்... ப்ளீஸ்!"

யாரோ சிரித்தார்கள். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. ராமமூர்த்தி போனைக் கீழே வைத்தார். "சரி. ரெண்டே நாள்" என்றார்.

படிகளில் அவள் இறங்கவில்லை, பறந்தாள். பஸ் ஸ்டாப்பில் அவன் நின்றிருந்தான். மழை பிடித்துக்கொண்டது.

"ஏன் சொல்லலை? என்னைக் காட்டிக் குடுத்திருந்தா உங்க வேலை பொலைச்சிருக்குமே!"

ஜோதிலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தான். "தமிழ்ல பேசிட்டீங்களே..." என்றான் முதலில். பிறகு மெதுவாக, "அன்னிக்கு நான் ஒருத்தன் சிரிச்சதுக்கே உங்க முகம் எப்படி ஆச்சுன்னு பார்த்தேன். இன்னிக்கு ஆபீஸே சிரிச்சிருக்கும். அதை என்னால பார்க்க முடியாதுங்க" என்றான்.

பூங்கோதையின் கண்கள் நிறைந்துவிட்டன. மழையா, கண்ணீரா என்று அவனுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது.

அதற்குள் மழை வலுத்து, சாலையில் போனவர்களெல்லாம் ஓடிவந்து அந்தச் சின்னக் கூரைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சர்தார்ஜி. ஃபைலை மார்போடு அணைத்த ஓர் அதிகாரி. சிமெண்ட் சட்டியைத் தலையில் கவிழ்த்தபடி கட்டட வேலைக்குப் போகும் நம்மூர்ப் பெண் ஒருத்தி, அவள் பெயர் அருக்காணி என்று கூட வந்தவள் கூப்பிட்டதில் தெரிந்தது. அதிகாரி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். எல்லாரும் ஒரே திசையில் மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

"இதான்!" பூங்கோதை அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். "மேடம் இதைத்தான் கேட்டாங்க! நான் சீட்டுல எலுதலை. பஸ் ஸ்டாப்புல ஒதுங்கும்போது யாரும் யாரையும் நீ யாருன்னு கேக்கறதில்லையாம்... கோயில் அப்படி இருக்கணுமாம்!"

ஜோதிலிங்கம் நிமிர்ந்தான். சர்தார்ஜியைப் பார்த்தான். அருக்காணியைப் பார்த்தான். கூரை விளிம்பில் திரையாகத் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தான்.

"சுவரே வேண்டாம்..." அவன் விரலால் காற்றில் வரைந்தான். "பெரிய ஒரே கூரை... நாலு பக்கமும் தண்ணிதான் சுவர்... சாமி நடுவுல இல்லைங்க! எல்லாரும் வெளியே பார்த்து உட்காரணும்!"

"மலை இல்லாத மாசத்துல?"

அவன் விழித்தான். மழையா, மலையா என்று இந்த முறை அவன் குழம்பவில்லை. பதில் தெரியாமல்தான் விழித்தான்.

"குலாய்த் தண்ணியைக் கூரைக்கு ஏத்தி விளிம்புல வலிய விடலாம். கீலே தொட்டி, மறுபடி மேலே. நான் வரைஞ்சு தரேன். எத்தனை கட்டடத்துக்குக் குலாய் வரைஞ்சிருக்கேன்!"

மூன்று பஸ்கள் வந்து போயின. அவர்கள் ஏறவில்லை. இரண்டு நாளும் அந்த இரண்டு மேஜைகளும் ஒரே மேஜையாயின. அவன் வரைய அவள் திருத்த, அவள் கோடு இழுக்க அவன் வண்ணம் தீட்ட, ஆபீஸே அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தது.

சனிக்கிழமை. ராஜலக்ஷ்மி அம்மாளின் வீட்டுக் கூடத்தில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. படம் உள்ளே போய் அரை மணி ஆகிவிட்டது. வராந்தாவில் இவர்கள் இருவரும் மட்டும். ஜோதிலிங்கத்தின் சட்டைப் பையில் எதற்கும் இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு வாங்கிய டிக்கெட் எட்டிப் பார்த்தது. பூங்கோதை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளே என்ன சொல்லப் போறாங்கன்னு தெரியாது" என்றாள் திடீரென்று. "அது தெரியறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடணும். வேண்டாம்னு அவங்க சொன்னப்புறம் சொன்னா, பாவம்னு சொல்றேன்னு நினைப்பீங்க. சரின்னு சொன்னப்புறம் சொன்னா, பெரிய ஆர்ட்டிஸ்ட் ஆயிட்டீங்கன்னு சொல்றேன்னு நினைப்பீங்க. அதனால இப்பவே..." மூச்சு வாங்கியது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. நீங்க இங்க இருந்தாலும், மெட்ராஸுக்குப் போனாலும்... அது மாறாது."

ஜோதிலிங்கம் வாயைத் திறந்தான். அதற்குள்...

கதவு படாரென்று திறந்தது. "எங்கே அந்தப் பிள்ளை? உள்ளே வாப்பா! ஒன்பது பேரும் ஒத்துண்டாச்சு! இதேதான்... இதையேதான் கட்டப் போறோம்!" ராஜலக்ஷ்மி அம்மாளின் முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் ராமமூர்த்தி, அவருக்குப் பின்னால் கமிட்டி மொத்தமும் எட்டிப் பார்த்தது.

ஆனால் ஜோதிலிங்கம் நகரவில்லை.

"ஒரு நிமிஷம் மேடம்... இவங்க ஒண்ணு சொன்னாங்க. நான் இன்னும் பதில் சொல்லலை."

"எல்லாரும் காத்துண்டிருக்காப்பா! சொல்லிட்டு வாயேன்."

பூங்கோதை தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் அவள் பக்கம் திரும்பினான். எதையும் முணுமுணுத்தே பழகியவன், அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"எனக்கும் உங்களைத்தான் பிடிச்சிருக்கு பூங்கோதை. உங்க குவார்ட்டர்ஸ் நம்பர் என்ன? இன்னிக்கே வந்து உங்க அப்பாகிட்ட பேசணும்!"

அவள் தலைப்பை விலக்காமலே நம்பரைச் சொன்னாள்.