சத்தத்தை அளந்த பட்டாணி

பட்டாணியின் அம்மா தச்சர். எதையும் அளக்காமல் நம்பமாட்டார். அரை இன்ச் பிசகினாலும் அலமாரிக் கதவு மூடாதே, அதனால் வந்த பழக்கம் அது. வீட்டில் கேக் வெட்டினால்கூட டேப் வைத்து அளந்துதான் வெட்டுவார். "என் துண்டு ஒரு நூல் அளவு குறையுது" என்று பட்டாணி வம்புக்கு இழுத்தால், நிஜமாகவே இன்னொரு முறை அளந்து பார்ப்பார்.

அன்று இருவரும் கருவிகள் விற்கும் கடைக்குப் போனார்கள். சுத்தியல் பிடித்துப் பிடித்து அம்மாவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் மாமா ஒரு நெயில் கன் அனுப்பியிருந்தார். விசையை அழுத்தினால் போதும், காற்றின் வேகத்தில் ஆணி ஒரே அடியில் மரத்துக்குள் இறங்கிவிடும். ஆனால் அந்தக் காற்றை அடைத்துக் கொடுக்க ஒரு கம்ப்ரெசர் வேண்டுமே! மாமா அதை மட்டும் மறந்துவிட்டார்.

"மாமா எப்பவும் இப்படித்தான். சைக்கிள் வாங்கித் தருவாரு, பெடலை மறந்துடுவாரு" என்றாள் பட்டாணி.

கடைக்குள் நுழைந்ததும் அம்மாவின் கண் ஒரு பெரிய சிவப்பு கம்ப்ரெசர் மேல் விழுந்தது. உடனே டேப்பை உருவினார். நீளம், அகலம், உயரம் எல்லாம் பார்த்தாயிற்று.

"நம்ம வீட்டு மூலையில கச்சிதமா உக்காரும். கதவு வழியாவும் போகும். இதையே குடுத்துடுங்க."

பட்டாணி சட்டென்று அம்மாவின் கையைப் பிடித்தாள். பழைய வீட்டை விட்டு வந்ததே சத்தத்தால்தான். தட்டுகிற ஓசை தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டார் புகார் சொன்னார்கள். வீடும் போனது, பள்ளிக்கூடமும் மாறியது. இந்த வீட்டுக்காரரும் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒரே ஒரு புகார் வந்தாலும் காலி பண்ணிடணும்."

இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் நர்ஸ் அக்கா இருந்தார். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் வேலை, பகலெல்லாம் தூக்கம். அவர் எழுந்த பிறகு, சாயங்காலம்தான் அம்மா சுத்தியலையே தொடுவார். புதுப் பள்ளியில் பட்டாணிக்கு இப்போதுதான் ஒரு தோழி கிடைத்திருந்தாள். இன்னொரு முறை மூட்டை கட்ட அவளுக்குக் கொஞ்சமும் மனமில்லை.

"அம்மா, எல்லாத்தையும் அளந்தியே, சத்தத்தை அளந்தியா?"

அம்மா கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். அதற்கு என்ன தெரியும், பாவம்!

"அங்கிள், கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்களேன்" என்றாள் பட்டாணி.

கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். அவ்வளவுதான், கடையே அதிர்ந்தது. திருகாணி டப்பாக்கள் தாளம் போட்டன. அம்மாவின் வாய் அசைந்தது. ஆனால் ஒரு சொல்லும் கேட்கவில்லை. மெஷின் நின்ற பிறகுதான் கேட்டது.

"...நிறுத்துங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன்!"

"என்னம்மா சொன்னீங்க?" என்றார் கடைக்காரர், காதைத் தேய்த்தபடி.

பட்டாணி பக்கத்தில் இருந்த குட்டி கம்ப்ரெசரைக் காட்டினாள். கடைக்காரர் அதையும் ஓட்டினார். விர்ர்ர் என்று ஒரு முனகல் மட்டும் வந்தது. ஆனாலும் அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"இத்தனூண்டு டேங்க்! இது என்னத்த ஊதும்?"

பட்டாணி அந்த டேங்கைத் தட்டிப் பார்த்தாள்.

"அம்மா, நம்ம குழாய்ல தண்ணி மெதுவாத்தானே வருது? பல் தேய்க்க அடியில ஒரு சின்ன பக்கெட் வச்சா போதும். மொள்ள மொள்ள நிரம்பிடும். துணி அலசினாதான் உடனே தீந்துடும். அங்கிள், நெயில் கன் பல் தேய்க்கிற மாதிரியா, துணி அலசற மாதிரியா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "பல் தேய்க்கிற மாதிரிதான்மா. ஒரு ஆணிக்கு ஒரு மடக்கு காத்து. பெயிண்ட் பீச்சறது, காத்துல ஓடற மரம் தேய்க்கிற மெஷின், இதெல்லாம்தான் துணி அலசறது. விடாம குடிக்கும்."

"நம்ம மரம் தேய்க்கிற மெஷின் கரண்ட்லதானே ஓடுது? பெயிண்ட்டும் நீ பிரஷ்லதானே அடிக்கிறே?"

அம்மா பையிலிருந்து நெயில் கன்னை எடுத்தார். கடைக்காரர் அதன் மேல் எழுதியிருந்ததையும் கம்ப்ரெசர் மேல் எழுதியிருந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்து, "தாராளமா போதும்" என்றார். நெயில் கன்னைக் குட்டி கம்ப்ரெசரோடு இணைத்து, ஒரு மரத்துண்டை வைத்து அம்மா விசையை அழுத்தினார். டப்! ஆணி முழுசாக உள்ளே போயிருந்தது. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அம்மா டேப் வைத்து அளந்தார். அளக்காமல் இருப்பாரா என்ன?

மறுநாள் பள்ளி விடுமுறை. காலையில் வேலை முடிந்து வந்த நர்ஸ் அக்காவை பட்டாணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னைக்குப் பகல்ல புது மெஷினை ஓட்டிப் பார்க்கப்போறோம். தொந்தரவா இருந்தா சுவத்துல ஒரு தட்டு தட்டுங்க. உடனே நிறுத்திடுறோம்."

"சரி பட்டாணி, தட்டுறேன்" என்று கொட்டாவி விட்டபடி போனார் அக்கா.

கம்ப்ரெசருக்கு அடியில் பட்டாணி பழைய போர்வையை நான்காக மடித்துப் போட்டாள். அம்மா வேலையைத் தொடங்கினார். பட்டாணி சுவரில் காதை ஒட்டவைத்துக் காவல் நின்றாள். புத்தக அலமாரிக்கு ஒரு தட்டு அடித்தாயிற்று. சுவரில் டொக்கென்று ஓசை வரவில்லை. இரண்டு தட்டு, மூன்று தட்டு. அப்போதும் வரவில்லை. மத்தியானத்துக்குள் முழு அலமாரியும் நிமிர்ந்து நின்றது. அம்மாவின் மணிக்கட்டும் வலிக்கவில்லை. கடைசி ஆணியையும் அடித்துவிட்டு அம்மா மெஷினை நிறுத்தினார்.

அப்போது சுவரில், டொக்! டொக்!

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் பட்டாணி. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அதற்குள் தலையெல்லாம் கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு நர்ஸ் அக்கா வாசலுக்கே வந்து நின்றிருந்தார்.

"ஏன் பட்டாணி, ஒண்ணு கேக்கத்தான் தட்டினேன். மெஷினை எப்பதான் ஓட்டப்போறீங்க? சத்தம் வருமே, வருமேன்னு காத்திருந்து அப்படியே தூங்கிப்போயிட்டேன்!"

அம்மா நகர்ந்து நின்று அலமாரியைக் காட்டினார். அக்கா அலமாரியைப் பார்த்தார், ஓரமாக இருந்த குட்டி கம்ப்ரெசரைப் பார்த்தார், மறுபடியும் அலமாரியைப் பார்த்தார்.

"அப்பாடா!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள் பட்டாணி. பிறகு அவள் சிரித்த சிரிப்புதான் அன்று அந்த வீட்டில் கேட்ட பெரிய சத்தம்.