மூன்றில் இரண்டு

கதவு தானாக மூடிக்கொண்டதைவிட, மூடும்போது ஓசை எழாததே வேதநாயகியைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

ஆயுதபூஜை முடிந்து, தொம்மலூர் ஆய்வுக்கூடத்தினர் பொரிப் பொட்டலங்களுடன் வீடு திரும்பியிருந்தனர். கற்பூரப் புகையும், வாசலில் உடைத்த பூசணியின் பச்சை வாடையும் மாதிரி அணுஉலை அறைக்குள் இன்னும் தங்கியிருந்தன. ராக்கெட்டைச் செலுத்தும் முறையை அணுஉலைக் காவலுக்கென அவள் இங்கே பொருத்தியிருந்தாள்: மூன்று கணினிகள், ஒவ்வொன்றுக்கும் ஆள் நடமாட்டத்தை அறியும் ஒரு கண்; இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவதன் சொல் செல்லாது. தீப்பிடித்து, உள்ளே ஆளும் இல்லையென்றால், கதவை அடைத்து, தீயணைக்கும் கரியமில வாயுவைத் திறந்துவிடும். புறப்பட்டுவிட்ட ராக்கெட்டைப் போல, முடிவெடுத்தபின் எந்தக் கட்டளையையும் ஏற்காது. அந்த விதி வேண்டாமென்றவர்களிடம், "மனுஷங்கதான் தப்பு பண்ணுவாங்க" என்று வாதாடியவள் அவள்தான்.

திரையைப் பார்த்தாள்.

தீ உண்டு: மூன்று. ஆள் இல்லை: இரண்டு. ஆள் உண்டு: ஒன்று.

அண்ணாந்தாள். இரண்டு கண்களின்மீது சந்தனமும் குங்குமமும் தடிமனாக அப்பியிருந்தன. காவலாளி கிருஷ்ணப்பா மதியம் சிரித்தது நினைவுக்கு வந்தது: "மூணாவதுக்குச் சந்தனம் தீந்துபோச்சு மேடம். அது கோவிச்சுக்கப் போவுது!"

குழாயில் சீறல் தொடங்கியது. கணுக்காலில் குளிர்.

உள்தொலைபேசியை எடுத்தாள். "கிருஷ்ணப்பா! வெளிய இருக்கிற வால்வை மூடுங்க!"

"யாரது? போர்டுல ஆள் இல்லன்னு காட்டுது. கற்பூரப் புகைக்கு மெஷின் கத்துது, அவ்ளோதான். தமாஷ் பண்றியா?"

"நான்தான்யா, வேதநாயகி! கண்ணாடிகிட்ட வந்து பாருங்க!"

"மேடம் அப்பவே வூட்டுக்குப் போயிட்டாங்களே... இரு, பந்தே, வந்துட்டேன்."

நாற்காலியில் ஏறினாள். வெறுங்கையால் இரண்டு கண்களையும் வழித்துத் துடைத்தாள். இப்போது மூன்றும் பளிச்சென்று அவளையே பார்த்தன. திரையில் எழுத்து மாறியது.

ஆள் இல்லை: மூன்று.

மூச்சு இழுத்தாள். வரவில்லை.

கதவின் கண்ணாடிக்கு வெளியே கிருஷ்ணப்பாவின் முகம். டார்ச் வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. நிற்கவில்லை. பின்சுவரில் வட்டமாகப் படிந்தது. அந்த வட்டத்தில் அவள் நிழல் இல்லை.

கண்ணாடியை அறைந்தாள். ஓசை இல்லை.

அவர் அவள் கண்களுக்குள் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். வராந்தா விளக்கை அணைத்துவிட்டு நடந்தார்.

இருண்ட கண்ணாடியில் அறை தெரிந்தது. நாற்காலி. திரை. மூன்று கண்கள். அவள் கை ஓங்கியிருந்த உயரத்தில், ஐந்து விரல் குங்குமம் மட்டும் அந்தரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.