தேயாத கவசம்

"ஏலக்கார அக்காவோட எக்ஸ்ரேயைக் கொடுங்க, சார்."

காலை 9.10. பெரிய டாக்டர் நிமிரவில்லை. அவர் பார்க்கும் நோயாளியின் கோப்பை யாரும் கேட்கக் கூடாது. அந்தப் பல் மருத்துவமனையில் சேரும் முதல் நாளே சொல்லப்படும் சட்டம் அது. சின்ன டாக்டருக்கு இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

சந்தையில் காய்கறி ஏலம் விடும் அக்காவுக்கு வாய்தான் பிழைப்பு. இப்போது அந்த வாயில் இரண்டு விரல் நுழையவில்லை. தாடை மூட்டு தேய்ந்துவிட்டது, பதினொரு மணிக்கு அறுவை என்று பெரிய டாக்டர் எழுதிவிட்டார். தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கத்துக்கு ஆறு வாரம் முன் தான் கொடுத்த பிளாஸ்டிக் கவசத்தை அக்கா ஒருநாள்கூடப் போடவில்லை என்று காரணமும் எழுதியிருந்தார்.

"ஒரு கடித்தடம் இருக்கா பாரு." கவசத்தையும் எக்ஸ்ரேயையும் மேசைமேல் தள்ளினார். "வீட்டுக்கு முதல் பட்டதாரின்னா பெரிய துப்பறியும் புலின்னு நெனப்பா?"

கவசத்தின் கடிக்கும் பரப்பு சமதளமாக இருந்தது. ஒரு கீறலோ பள்ளமோ இல்லை.

9.25. எக்ஸ்ரேயில் இரண்டு பக்க மூட்டு எலும்பும் வழவழவென்று இருந்தது. சின்ன டாக்டர் அக்காவின் காதுக்கு முன்னால் மூட்டை அழுத்தினாள். வலிக்கவில்லை. கொஞ்சம் கீழே, வலது கன்னத் தசையை அழுத்தியதும் அக்கா நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். மூட்டு கெடவில்லை, தசைதான் முறுக்கிக்கொண்டிருந்தது.

கவசம் போட்டீர்களா என்று கேட்டாள்.

"தினமும்தான் கண்ணு போட்டேன். முதல் நாள்லேர்ந்தே வலப்பக்கம் முதல்ல இடிக்குது. சொன்னா, பழகிடும்னாரு சார். முந்தாநாள் ஏலத்துல பாதி விலை சொல்றப்பவே வாய் மாட்டிக்கிச்சு. தக்காளி எடுத்தவன் சிரிச்சுக்கிட்டே போறான்."

நேற்று மாலை அக்காவே கவசத்தைக் கழுவித் தரச் சொல்லி மருத்துவமனை லேபில் கொடுத்தாராம்.

9.40. பிரஷ் போட்டுக் கழுவியதோடு சரி, தடம் இருந்ததா என்று கவனிக்கவில்லை என்றார் லேப் அண்ணன். காலை எட்டு மணிக்குப் பெரிய டாக்டரின் மேசையில் கொண்டுபோய் வைத்தாராம். மேல்பரப்பைத் தேய்த்து ராவினீர்களா என்றதும் அவருக்குக் கோபம் வந்தது.

"எதுல ராவுறது? இங்க இருக்கற ராவுற மோட்டார் திங்கக்கிழமையே புகைஞ்சு போச்சு. சார் ரூம்ல ஒண்ணுதான் ஓடுது. அதைத் தொட்டா என் வேலை காலி."

சின்ன டாக்டர் கவசத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் எழுதினாள்.

10.30.

"இதை ராவினது நீங்கதான், சார்."

பெரிய டாக்டர் சிரித்தார். அவள் கவசத்தைக் கவிழ்த்து வைத்தாள். உட்புறம், கீழ் முன்பற்கள் உட்காரும் இடத்தில், நகத்தால் சுரண்டினாலும் போகாத மஞ்சள் பற்காறை.

"மேல்பக்கத்தை மட்டும்தான் பார்த்தீங்க. டப்பாவுல கிடக்கற கவசத்துல காறை படியாது. வாரக்கணக்குல வாய்ல இருந்தாதான் படியும். போட்டிருக்காங்க. பல்லைக் கடிக்கறவங்க போட்டா தடம் விழாம இருக்காது. அப்ப தடத்தை யாரோ ராவியிருக்கணும். ஓடற மோட்டார் ஒண்ணே ஒண்ணு. எட்டு மணியிலேர்ந்து கவசம் இருந்த மேசையும் உங்களோடதுதான்."

அவள் மிச்சத்தையும் சொன்னாள். கவசத்தை மாட்டிய அன்று, வண்ணத்தாளைக் கடிக்கவைத்து மேடுபள்ளம் பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை. வலப்பக்கம் மேடாகவே நின்றுவிட்டது. ராத்திரிக் கடி முழுதும் அந்த ஒரு பக்கத் தசையில் இறங்கியது. வலப்பக்கம் மட்டும் ஆழமாக விழுந்த அந்தத் தடம் இருந்திருந்தால், பல் மருத்துவ மாணவர்கள்கூட அவர் தப்பைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

"மூட்டைத் திறந்துட்டா, தப்பு மூட்டோடதுன்னு ஆயிடும். அவ்வளவுதானே?"

பெரிய டாக்டர் குரலைத் தாழ்த்தினார். அறுவையை நிறுத்திவிடலாம், நீயே வைத்தியம் பார், அடுத்த மாதம் உனக்குப் பெரிய அறை என்றார். யோசித்துச் சொல்லச் சொன்னார்.

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன். வெந்நீர் ஒத்தடம், மெத்துன்னு சாப்பாடு, தாடைப் பயிற்சி எழுதிக்கொடுத்து அக்காவை வீட்டுக்கு அனுப்பிட்டேன். டென்டல் கவுன்சிலுக்கு உங்க மேல புகார் பத்தேகாலுக்கே போயிடுச்சு. அதோடவே என் ராஜினாமாவையும் எழுதி ஆபீஸ்ல கொடுத்துட்டேன்."

நாளைக்கு எங்கே போய் வேலை பார்ப்பாய் என்று அவர் கேட்டபோது, அவள் பாதிப் படிக்கட்டு இறங்கியிருந்தாள்.