மாயக் கோணம்

காலையிலிருந்து பதினோராவது முறையாக டாக்டர் அங்கயற்கண்ணி வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். மூன்று நொடி அசையாமல் நின்றால்தான் சுவர்த்திரையில் இருக்கும் மூட்டறிவான் அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஒப்புதலுக்கு இவ்வளவு பாடு இல்லை. இரண்டு கண்களையும் ஒரு நொடி இறுக மூடினால் போதும். இயந்திரத்தை யாரும் தவறுதலாக மறுத்துவிடக் கூடாதாம். தவறுதலாக ஒப்புக்கொண்டால் பரவாயில்லை போலிருக்கிறது.

மாநிலத்தில் யாருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் மூட்டறிவான்தான் வாசிக்கும். அது எழுதியதற்குச் சம்மதம் சொல்வதே மருத்துவர்களின் வேலை என்றாகி ஒன்பது ஆண்டுகள் ஆயிற்று.

இப்போது திரையில் இருந்தது தூத்துக்குடிக் கபடி வீராங்கனை ஜெசிந்தாவின் கணுக்கால். சனிக்கிழமை மாநில அணித் தேர்வு. 'தசைநாண் கிழிவு, ஆறு மாத ஓய்வு' என்று மூட்டறிவான் எழுதியிருந்தது. அவள் அழைத்துப் பேசினாள்.

"நாலு பேரு காலப் புடிச்சும் இழுத்துட்டு வந்து கோட்டத் தொட்டேன் டாக்டரம்மா. நேத்து சாயங்காலந்தான். கிழிஞ்ச காலு அப்படி இழுக்குமா?"

இழுக்காது. தசையை எலும்போடு கட்டும் தசைநாண், நெருக்கி அடுக்கிய நார்களின் கட்டு. எம்.ஆர்.ஐ. என்பது உடம்பிலுள்ள நீர் காந்தத்துக்குள் கொடுக்கும் குரலைக் கேட்டு வரையும் படம். நார்களுக்குள் சிக்கிய நீர், குரல் கொடுத்த கணமே அடங்கிவிடும். ஆகவே நல்ல தசைநாண் படத்தில் கறுப்பாகத் தெரியும். கிழிந்தால் நீர் கோத்து அந்த இடம் வெளுக்கும். ஆனால் நார்கள் காந்தப்புலத்துக்கு ஐம்பத்தைந்து பாகை சாய்ந்துவிட்டால், நல்ல தசைநாணின் நீரும் சற்று நீடித்துப் பேசும். கிழியாத இடமும் வெளுத்துக் காட்டும். கணுக்கால் எலும்பைச் சுற்றி வளையும் தசைநாண் எங்காவது அந்தச் சாய்வைக் கடந்தே தீர வேண்டும். தோள்மேல் வளைந்து இறங்குவதும் அப்படித்தான். இதற்கு மாயக் கோணம் என்று பெயர். சற்றுத் தாமதித்துக் கேட்கும் படவரிசையில் பொய் வெளுப்பு அடங்கிவிடும், மெய்க் கிழிவு அடங்காது. நேரம் மிச்சம் பிடிக்க அந்த வரிசையைத்தான் நிறுத்திவிட்டார்கள்.

"மறுப்பு ஐயத்துக்குரியது. உறுதிப்படுத்தக் கையை மீண்டும் உயர்த்தவும்" என்றது மூட்டறிவான்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உயர்த்தினார்.

பக்கத்து இருக்கை டாக்டர் ரசாக் சிரித்தார். "டிராஃபிக் போலீஸ் மாதிரி ஆயிட்டீங்க மேடம். கண்ண மூடிட்டு டீ குடிக்க வாங்க."

பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி வைத்து மறுபடம் எடுக்கச் சொன்னார் அங்கயற்கண்ணி. வெள்ளிக்கிழமை வந்த படத்தில் தசைநாண் கரிக்கோடாக இருந்தது. ஜெசிந்தா அணியில் சேர்ந்தாள்.

அதோடு நின்றிருக்கலாம். ஒன்பது ஆண்டுகளில் அவர் மறுத்த நாலாயிரத்துச் சொச்சம் படங்களையும் மூட்டறிவான் ஒருசேரப் படித்துப் பாடம் கற்றது. வளைவில் தெரியும் வெளுப்பெல்லாம் மாயக் கோணமே என்று முடிவுகட்டி, அதற்கு அங்கயற்கண்ணி விதி என்று பெயரும் வைத்தது. விதியில் அடங்கும் படங்கள் இனி அவர் ஒருவருடைய பார்வைக்கே போகும் என்று அறிவித்தது. எல்லாம் இல்லை, சிலதான் என்று அவர் ஒரு மாதம் கடிதம் எழுதினார். நன்றி என்று பதில் வந்தது.

அந்த மாதக் கடைசியில் அவரால் தலை வார முடியவில்லை. வலது தோள். ஒரு மறுப்புக்கு இரண்டு தரம் என்று எத்தனை ஆயிரம் முறை தூக்கிய கை. படம் எடுத்தார்கள். தோளின் வளைவில் தசைநாண் விரற்கடை அளவுக்கு வெளுத்திருந்தது. இந்த முறை அது மெய்யென்று வலியே சொன்னது. கீழே மூட்டறிவான் எழுதியிருந்தது: 'அங்கயற்கண்ணி விதிப்படி மாயக் கோணம். நலம். சிகிச்சை தேவையில்லை.'

ரசாக்கிடம் மறுக்கச் சொன்னார். அவர் எழுந்து நின்று, வாழ்க்கையில் முதல்முறையாகக் கையைத் தூக்கினார். "இவ்விதிக்குரிய வாசிப்பாளர் தாங்கள் அல்லர்" என்றது இயந்திரம்.

அங்கயற்கண்ணி திரைமுன் நின்றார். இடக்கையை உயர்த்திப் பார்த்தார். "பதிவான கை வலது" என்றது. வலக்கையைத் தூக்கினார். மார்பு உயரம் வந்தது. தோள் உயரம் வந்தது. அதற்குமேல் ஒரு விரல் அளவு ஏறியபோது, தோளுக்குள் கத்தியால் கீறியது போல் வலி வெட்டி இழுத்தது. கண்கள் தாமாகவே இறுக மூடிக்கொண்டன.

"ஒப்புதலுக்கு நன்றி" என்றது மூட்டறிவான்.