உச்சந்தலை முதல் மோவாய் வரை

அண்ணனின் தலை முந்தைய நாளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

கொஞ்சம்தான். ஓவிய மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி ஒரு கண்ணை மூடி, முழங்கை மடங்காமல் கையை நீட்டி, பிரஷ் கட்டையின் நுனியை அவன் உச்சந்தலைக்கு நேராகப் பிடித்து, கட்டைவிரலை மோவாய் வரை இறக்கினாள். முந்தைய நாள் கட்டையில் போட்டுவைத்த பென்சில் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது விரல். இத்தனை காலம் பாடப்புத்தகங்களுக்கு வாட்டர் கலரில் ஆப்பிளும் யானையும் வரைந்து பிழைப்பை ஓட்டியவள் அவள். எண்ணெய் வர்ணம் இன்னும் கைக்குப் பிடிபடவில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று முடிவு கட்டினாள். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

அண்ணனுக்கு வந்தது டாக்டர்கள் கையை விரித்துவிட்ட காய்ச்சல். எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லித்தான் அண்ணியை உள்ளே கூப்பிட்டார்களாம். அண்ணி போய்ப் பார்த்தால், அவன் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தானாம். அப்பா இல்லாத வீட்டில் தங்கைக்கு ஜடை பின்னிவிட்டவன், பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனவன், முதல் கலர் பெட்டி வாங்கிக்கொடுத்தவன். அவன் தேறி வருவதை ஒரே நாற்காலியில், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வரைய வேண்டும் என்பது அவள் ஆசை. அதுதான் அவளுடைய முதல் ஆயில் சீரிஸ். அண்ணி வேலைக்குப் போகிற வழியில் அவனை இவள் வீட்டில் விட்டுவிட்டுப் போவாள்.

"அண்ணா, முன்னாடி சாயறியா?"

"இல்ல தங்கச்சி."

எப்போதும் 'வாண்டு' என்றுதான் கூப்பிடுவான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு தங்கச்சி. உறவுமுறையை யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பிய மாதிரி. காய்ச்சலில் மூளை களைத்திருக்கும், போகப் போகச் சரியாகும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மாஸ்டருக்குப் போன் செய்தபோது அவர் சிரித்தார். "ஆயில் கத்துக்க வர்ற எல்லாருக்கும் முதல்ல தலை பூசணிக்காயாத்தான் வரும். நாற்காலி நகர்ந்திருக்கும். தரையில டேப் ஒட்டுங்க. நீங்க நிக்கிற இடத்துக்கும் ஒட்டுங்க. ஒரு கண்ணை மூடிட்டா எது கிட்ட, எது தூரம்னு கண்ணுக்குத் தெரியாது பாருங்க. எல்லாமே தட்டையாயிடும். அதுதான் வரையறவனுக்குச் சௌகரியம்."

நாற்காலியின் நான்கு கால்களுக்கும் டேப் ஒட்டினாள். தன் பாதங்களுக்கும் ஒட்டினாள். நடுவில் அறையின் முக்கால்வாசி நீளம் வெறும் தரை.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்தியதும் வர்ணம் கரைக்கும் டர்பன்டைன் நெடியும் ஆளிவிதை எண்ணெயின் கனத்த வாசனையும் அறைக்குள் தேங்கின. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை, பூட்டியே கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. வர்ணம் குழைக்க அவள் பலகையைப் பார்த்துக் குனியும்போதெல்லாம் ஈரத்துணியை மெதுவாகப் பிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் நின்றுவிடும். அண்ணன் முதுகு ஒட்டச் சாய்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருப்பான். நாற்காலி ஒரு தடவைகூடக் கிறீச்சிடவில்லை. காய்ச்சல் விட்டுவைத்த உடம்பு வலி தாங்காமல் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை நெளிகிறவன் அவன்.

போன் அடித்தது. அண்ணி.

"இன்னிக்கு ராத்திரி அவர் அங்கயே இருக்கட்டுமே."

"ஏன் அண்ணி, சண்டையா?"

"இல்லம்மா. ராத்திரி முழிப்பு வந்தா முகம் பக்கத்துலயே இருக்கு."

"புருஷன் முகம் பக்கத்துல இல்லாம வேற யாரு முகம் இருக்கும்?" என்று கேலி செய்தாள்.

அண்ணி சிரிக்கவில்லை. "நான் இப்பல்லாம் ஹால்லதான் படுக்கறேன். அவர் உள் ரூம்ல. கதவு சாத்தித்தான் இருக்கு. அடியில கொஞ்சூண்டு இடைவெளி, அவ்வளவுதான்."

இவள் போனை வைத்தாள். நாற்காலிக்குப் பின்னால்தான் வாசற்கதவு. பயந்துவிட்டாள். ஆனாலும் ஓட மனம் வரவில்லை. செத்துவிட்டான் என்று ஒருமுறை அழுதாயிற்று, இன்னொரு முறை அழ அவளிடம் தெம்பில்லை. அண்ணி பாவம், தூக்கம் கெட்டு ஏதேதோ பேசுகிறாள். ஒரே ஒரு தரம் அளந்து பார்த்தால் போதும். கட்டைவிரல் கோட்டில் நின்றால் அவன் அண்ணன்தான். எல்லாம் தன் கைக்கோளாறுதான்.

"அசையாம இரு அண்ணா."

"சரி தங்கச்சி."

குரல் தெளிவாகக் கேட்டது. மழைச் சத்தத்தையும் மீறி.

பாதங்களை டேப்புக்குள் வைத்தாள். கையை நீட்டினாள். ஒரு கண்ணை மூடினாள்.

பிரஷ் கட்டை உச்சந்தலைக்கு நேராக. கட்டைவிரல் இறங்கியது. நெற்றி. புருவம். மூக்கு இன்னும் வரவில்லை. பென்சில் கோடு போய்விட்டது. வெளிச்சம் குறைந்திருந்ததால் முகம் தட்டையாக, சாம்பல் நிறமாக இருந்தது. மூக்கு. கட்டையின் பாதி போய்விட்டது. உதடு. முகத்துக்குக் கட்டை போதவில்லை. கீழே. இன்னும் கீழே.

மோவாயைத் தேடிய கட்டைவிரலில் ஏதோ பட்டது.

சொரசொரப்பு. ஷேவ் செய்யாத தாடி.

மூடிய கண்ணைத் திறந்தாள்.

நாற்காலி டேப்புக்குள்ளேயே இருந்தது. அதில் அண்ணனின் சட்டை, சாய்ந்த தோள்கள், முழங்காலில் இரண்டு கைகள். சட்டைக் காலரிலிருந்து கிளம்பி, வெறும் தரைக்கு மேலாக, அறையின் நீளம் முழுக்க, வெளிறிய தோலாய் நீண்ட கழுத்து. அது வந்து முடிந்த இடத்தில், அவள் விரல் நுனியில், முகம்.

அது அவளை உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை நிதானமாகப் பார்த்தது. பிறகு ஒரு கண்ணை மூடியது.